கட்சி இல்லாத பேரவை, சாலை இல்லாத தொகுதி

கனடாவின் வடகிழக்கில் ஆர்க்டிக் தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதியையும் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையையும் உள்ளடக்கிப் பரந்திருக்கும் நுனாவுட், பரப்பில் இந்தியாவின் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குவது. ஆனால் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 36,858 பேர் மட்டுமே. அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுயிட் எனப்படும் ஆர்க்டிக் பழங்குடி மக்கள். 25 ஊர்களில் சிதறி வாழும் இம்மக்களுக்கு ஊருக்கு ஊர் செல்லச் சாலை இல்லை. தெற்குக் கனடாவோடு இணைக்கும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இல்லை. கோடையில் கடல் பனி விலகும் குறுகிய காலத்தில் வந்துபோகும் சரக்குக் கப்பல்களும், வானிலை இடம் கொடுக்கும் நாள்களில் இறங்கும் விமானங்களுமே அவர்களை வெளியுலகோடு பிணைத்திருக்கின்றன. இந்த நிலப்பரப்பை ஆள்வது இக்கலுயிட் நகரில் கூடும் 22 உறுப்பினர் கொண்ட சட்டப்பேரவை. அந்த 22 பேரில் ஒருவர் மீது மக்கள் ஏற்றும் சுமை, சட்டம் அவருக்குத் தரும் அதிகாரத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும், அப்படியிருந்தும் அந்தப் பணி பயனற்றதாகிவிடவில்லை என்பதும் நுனாவுட்டின் கால் நூற்றாண்டு அனுபவம் காட்டும் உண்மைகள்.

கனடாவின் அரசமைப்பில் மாகாணம் வேறு, ஆட்சிப்பகுதி வேறு. ஒன்டாரியோ, கியூபெக் போன்ற மாகாணங்கள் தமக்குரிய அதிகாரங்களை அரசமைப்பிலிருந்தே நேரடியாகப் பெறுகின்றன. யூகான், வடமேற்கு ஆட்சிப்பகுதிகள், நுனாவுட் ஆகிய மூன்று வட ஆட்சிப்பகுதிகளோ ஒட்டாவாவில் உள்ள நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் வழியே அதிகாரம் பெறுகின்றன. கல்வி, மருத்துவம், வீட்டுவசதி, உள்ளாட்சி, மொழி ஆகியவற்றில் நுனாவுட் பேரவை ஒரு மாகாணப் பேரவை போலவே சட்டம் இயற்றலாம். ஆனால் அந்நிலத்தின் பெரும்பகுதியும் அதன் அடியில் உள்ள கனிமங்களும் இன்னும் மத்திய அரசின் ஆளுகையில்தான் இருக்கின்றன. உறுப்பினரின் பணியைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

இங்கு மக்களாட்சியின் வரலாறு மிகக் குறுகியது. இனுயிட் மக்களுக்குக் கனடிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1950-இல் சட்டப்படி கிடைத்தது; ஆனால் கிழக்கு ஆர்க்டிக்கின் ஊர்களுக்கு வாக்குப்பெட்டி சென்று சேர்ந்தது 1962-இல்தான். அக்காலத்தில் இன்றைய நுனாவுட், வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் ஒரு பகுதியாக இருந்தது. அதன் ஆட்சியை ஓர் ஆணையர் ஒட்டாவாவிலிருந்தபடியே நடத்தினார், அவருக்குத் துணையாக நியமன உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் கலந்த ஒரு மன்றம் இருந்தது. 1965-இல் ஏப் ஓக்பிக் அம்மன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் இனுயிட் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு சிமோனி மைக்கேல் கிழக்கு ஆர்க்டிக் தொகுதியில் வென்று, கனடாவின் சட்டமன்றம் ஒன்றுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இனுயிட் என்ற இடத்தைப் பெற்றார்.

சிமோனி மைக்கேல் அம்மன்றத்தில் எழுப்பிய ஒரு பிரச்சினை இன்றளவும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இனுயிட் மக்களுக்குக் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததாலும், அவர்களின் பெயர்களை எழுத அதிகாரிகள் தடுமாறியதாலும், 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்று வழங்கப்பட்டது. கிழக்கில் இருப்போருக்கு ஓர் எழுத்து, மேற்கில் இருப்போருக்கு வேறோர் எழுத்து, அதன்பின் இலக்கங்கள் என்ற முறையில் அமைந்த அந்த எண்ணே அரசின் பதிவேடுகளில் மனிதரின் அடையாளமாயிற்று. கணக்கு வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது என்பதற்காக ஓர் இனம் முழுவதையும் எண்களால் அழைத்த இந்த ஏற்பாடு எத்தகைய அவமதிப்பு என்பதை விளக்கவே தேவையில்லை. தம் மக்களுக்கு எண் வேண்டாம், பெயர் வேண்டும் என்று சிமோனி மைக்கேல் மன்றத்தில் எடுத்துரைத்தார். அதன் விளைவாகத் தொடங்கிய குடும்பப்பெயர்த் திட்டத்தின்படி 1968-க்கும் 1971-க்கும் இடையே ஏப் ஓக்பிக் ஊர் ஊராகச் சென்று, மக்கள் தாமே தெரிவுசெய்த பெயர்களைப் பதிவுசெய்தார். பெரிய வரவுசெலவுத் திட்டமோ சிக்கலான சட்ட வரைவோ இதற்குத் தேவைப்படவில்லை. ஊரில் எல்லோரும் அறிந்திருந்த ஒன்றை, அதை அறியாதவர்கள் கூடியிருந்த அவையில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. வட நிலத்துச் சட்டமன்ற உறுப்பினரின் பணி இன்றும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

1971-இல் இனுயிட் தேசிய அமைப்பு உருவான பின் நில உரிமைக்கான கோரிக்கையும் தனி ஆட்சிப்பகுதிக்கான கோரிக்கையும் ஒன்றாகவே வளர்ந்தன. 1982-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் பிரிவினைக்கு இசைந்தனர். 1993-இல் நுனாவுட் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன்படி சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் உரிமையும், 14 ஆண்டுகளில் வழங்கப்படும் 115 கோடி டாலரை ஒட்டிய இழப்பீடும் இனுயிட் மக்களுக்கு உறுதிசெய்யப்பட்டன. 1999 பிப்ரவரி 15 அன்று முதல் தேர்தல் நடந்து, ஏப்ரல் 1 அன்று 19 உறுப்பினர்களோடு புதிய பேரவை பிறந்தது. துப்பாக்கி ஏந்தாமல், பேச்சுவார்த்தையாலும் வாக்கெடுப்பாலும் மட்டுமே ஒரு பழங்குடி மக்கள் ஒரு நாட்டின் வரைபடத்தை மாற்றி எழுதிய அரிய நிகழ்வு அது.

முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் முறை

நுனாவுட் பேரவையில் அரசியல் கட்சிகள் இல்லை. ஒவ்வொருவரும் தம் பெயரில், தம் ஊரில், சுயேச்சையாகவே நின்று வெல்கின்றனர். தேர்தல் முடிந்ததும் வெற்றிபெற்றோர் அனைவரும் இக்கலுயிட்டில் தலைமைத் தேர்வுக் கூட்டமாகக் கூடி, முதலில் பேரவைத் தலைவரையும் பின்னர் முதல்வரையும் அமைச்சர்களையும் ரகசிய வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கின்றனர். முதல்வர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர் சக உறுப்பினர்கள் முன் உரையாற்றி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொதுமக்கள் பார்க்க விடை சொல்ல வேண்டும். அமைச்சர்களுக்கு எந்தத் துறை என்பதை முதல்வர் முடிவுசெய்யலாம். கொடுத்த துறையைத் திரும்பப் பெறவும் செய்யலாம். ஆனால் ஒருவரை அமைச்சரவையிலிருந்தே நீக்கும் அதிகாரம் பேரவையிடம்தான் இருக்கிறது. 2020-இல் முதல்வர் ஜோ சாவிகத்தாக் ஓர் அமைச்சரின் துறைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றபோது, அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கப் பேரவை தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

இது ஒருமித்த கருத்து ஆட்சிமுறை எனப்படுகிறது. அண்டையில் உள்ள வடமேற்கு ஆட்சிப்பகுதிகளும் இதையே பின்பற்றுகின்றன. யூகானில் மட்டும் கட்சி ஆட்சி நடக்கிறது. ஒருமித்த கருத்து என்பதால் எல்லோரும் எல்லாவற்றிலும் உடன்படுகிறார்கள் என்று கொள்வது தவறு. அமைச்சரவைக்குள் கூட்டுப் பொறுப்பு உண்டு; அமைச்சர்கள் ஒரே குரலில்தான் வாக்களிப்பார்கள். ஆனால் முதல்வரும் அமைச்சர்களும் சேர்ந்தாலும் ஏறத்தாழ ஒன்பது பேரே என்பதால், அமைச்சர் அல்லாத உறுப்பினர்களே அவையில் எப்போதும் பெரும்பான்மை. அரசு கொண்டுவரும் ஒவ்வொரு சட்ட வரைவும் ஒவ்வொரு நிதிக் கோரிக்கையும் அவர்களில் சிலரது ஒப்புதலையாவது பெற்றால்தான் நிறைவேறும். கட்சிக் கொறடாவின் ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கை தூக்கும் உறுப்பினர்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும் ஏற்பாடு.

இந்தப் பெரும்பான்மையின் வலிமை 2018 ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. நுனாவுட் உடன்பாட்டுப் பேச்சுவார்த்தைகளில் முன்னணியில் நின்ற மூத்த தலைவர் பால் குவாசா முதல்வராகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அமைச்சர் அல்லாத உறுப்பினரான ஜான் மெயின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 16-க்கு 3 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. ஒரு வரலாற்று நாயகரையும் பேரவை அன்று பதவியிலிருந்து இறக்கியது. அப்படி இறக்கப்பட்டவர் எதிர்க்கட்சித் தலைவராகிவிடவில்லை. அங்கு எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. அதே அவையில், அதே தொகுதியின் உறுப்பினராக, மற்றவர்களோடு அமர்ந்து பணியைத் தொடர வேண்டியதுதான். பகைமையை நிரந்தரமாக்கிக்கொள்ள இடம் தராத இந்த அமைப்பு, சில பத்தாயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் நம்பி வாழ வேண்டிய நிலத்துக்குப் பொருத்தமானதே.

அவையின் தோற்றமும் அந்நிலத்தைச் சேர்ந்தது. பேரவையின் செங்கோல் நார்வால் எனப்படும் கொம்புத் திமிங்கிலத்தின் நீண்ட தந்தத்தால் ஆனது. இருக்கைகளில் கடல்நாய்த் தோல் போர்த்தப்பட்டிருக்கிறது. உறுப்பினர்கள் இனுக்டிடுட் மொழியிலும் ஆங்கிலத்திலும் பேச, மொழிபெயர்ப்பாளர்கள் உடனுக்குடன் பெயர்த்துத் தருகின்றனர். நடவடிக்கைகள் தொலைக்காட்சி வழியே ஊர்களுக்குச் செல்கின்றன. அவை தொடங்கியதும் உறுப்பினர்கள் தொகுதிச் செய்திகளைக் கூறச் சில நிமிடங்கள் தரப்படுகின்றன. ஒரு முதியவரின் மறைவும், பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களின் பெயர்களும், ஓர் இளைஞரின் முதல் வேட்டையும் அரசின் ஆவணத்தில் பதிவாவது அந்த நேரத்தில்தான். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பு எண்களால் பதிவுசெய்யப்பட்ட மக்களின் பெயர்கள், அவர்களின் சொந்த மொழியில், அவர்களின் சொந்த அவையில் ஒலிக்கின்றன.

அதன்பின் வரும் வினா நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் வடநிலத்தின் வாழ்வை அப்படியே காட்டுவன. சுகாதார நிலையத்துக்குச் செவிலியர் எப்போது வருவார், பழுதான மின்னாக்கிக்கு மாற்று வந்ததா, விமான ஓடுபாதையை நீட்டிக்கும் பணி எந்த நிலையில் உள்ளது, இந்த ஆண்டுக் கப்பலில் வீடு கட்டும் பொருள் ஏற்றப்பட்டதா என்பன போன்றவை அவை. குளிர்காலக் கூட்டத்தொடரில் வரவுசெலவுத் திட்டம் வரும்போது, அவை முழுவதும் ஒரு குழுவாக மாறி, கடுமையான அவை விதிகளைத் தளர்த்திக்கொண்டு, ஒவ்வோர் அமைச்சரையும் அவருடைய அதிகாரிகளையும் எதிரே அமர்த்திப் பக்கம் பக்கமாக விசாரிக்கிறது. கட்சித் தலைமையகமோ ஆய்வுப் பிரிவோ பின்னணியில் இல்லாத நிலையில் உறுப்பினர் ஒருவர் அந்த ஆவணங்களைத் தாமே படித்து, தம் ஊருக்கு வந்து சேர வேண்டியதைத் தாமே கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். இந்த உழைப்பு வெளியே தெரிவதில்லை.

மூன்று ஊர்கள், ஒரு தொகுதி

குட்டிக்டுக் தொகுதியை எடுத்துக்கொண்டால் இப்பணியின் தன்மை விளங்கும். ஆர்க்டிக் பே, ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்ட் என்ற மூன்று ஊர்களைக் கொண்ட இதன் மக்கள் தொகை 2021-இல் 1,321. பெரிய கிராமம் ஒன்றில் அடங்கிவிடும் இந்த எண்ணிக்கை மூன்று தனித்தனித் தீவுகளில் பரவியிருக்கிறது. 144 பேர் வாழும் கிரீஸ் ஃபியோர்ட், கனடாவில் மக்கள் குடியிருக்கும் ஊர்களில் வடகோடியில் உள்ளது. இக்கலுயிட்டிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவு. குளிர்காலத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் அங்கு சூரியன் உதிப்பதில்லை. அங்கு செல்ல வேண்டிய உறுப்பினர் ரெசொலூட்டிலிருந்து சிறு விமானம் ஏற வேண்டும். வானம் மூடிக்கொண்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கிரீஸ் ஃபியோர்ட்டும் ரெசொலூட்டும் இயல்பாக உருவான ஊர்கள் அல்ல. 1953-லும் 1955-லும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும், கியூபெக்கின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்தும் இனுயிட் குடும்பங்களை மத்திய அரசு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடங்கள் அவை. வேட்டை வளம் மிகுதி, விரும்பினால் திரும்பி வரலாம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள், அறிந்திராத இருளிலும் குளிரிலும் போதிய தங்குமிடமின்றி விடப்பட்டனர்; திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. ஆர்க்டிக்கில் கனடாவின் இறையாண்மையை நிலைநாட்டவே அம்மக்கள் பயன்படுத்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. 2010 ஆகஸ்டில் மத்திய அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இத்தகைய வரலாறு கொண்ட தொகுதியின் உறுப்பினர் விமான நிலையத்தைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ கேட்கும்போது, அது சலுகைக்கான மனு ஆகாது. கொண்டுவந்து குடியேற்றியவர்கள் செலுத்த வேண்டிய கடனைக் கேட்பதே ஆகும்.

எல்லா ஊர்களுக்கும் பொதுவான நெருக்கடிகள் வேறு. 25 ஊர்களிலும் மின்சாரம் டீசல் எந்திரங்களால்தான் உற்பத்தியாகிறது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய எரிபொருள் கோடையில் கப்பலில் வந்து பெருங்கலங்களில் சேமிக்கப்படுகிறது. வீடு கட்டும் மரமும் ஆணியும்கூட அதே கப்பல்களில்தான் வர வேண்டும் என்பதால், ஓர் ஒப்பந்தம் சில வாரங்கள் தாமதமானால் கட்டுமானம் ஓராண்டு தள்ளிப்போகிறது. நுனாவுட் இனுயிட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசல் மிகுந்த வீடுகளில் வாழ்கின்றனர். காசநோய் இன்னும் ஒழியாததற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம். 2030-க்குள் 3,000 வீடுகள் என்ற திட்டத்தை 2022-இல் அரசு அறிவித்தது. அது எந்த ஊருக்கு எத்தனை வீடுகளைத் தருகிறது என்பதே ஒவ்வோர் உறுப்பினரும் விடாமல் கேட்கும் கேள்வி.

மருத்துவமனை இருப்பது இக்கலுயிட்டில் மட்டும். ஏனைய ஊர்களில் செவிலியர் நடத்தும் சுகாதார நிலையங்களே உள்ளதால், கருவுற்ற பெண்களில் பெரும்பாலோர் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே குடும்பத்தைப் பிரிந்து விமானம் ஏறுகின்றனர்; கடும் நோயாளிகள் ஒட்டாவா, வினிபெக், எட்மன்டன் போன்ற தென்னக நகரங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். இளையோர் தற்கொலை விகிதம் கனடாவின் சராசரியைவிடப் பல மடங்கு உயர்ந்திருப்பதால், 2015-இல் முதல்வர் பீட்டர் டப்டுனா அதை நெருக்கடியாக அறிவித்தார். சில நூறு பேர் வாழும் ஊரில் எந்த இழப்பும் உறுப்பினருக்கு அயலார் வீட்டுச் செய்தி அல்ல. மக்கள் அவரைக் கடையிலும் தேவாலயத்திலும் விமான நிலையத்திலும் பெயர் சொல்லி நிறுத்திக் கேட்கிறார்கள். அலுவலக நேரம் முடிந்தது என்று அவர் சொல்ல முடியாது.

எட்டாத அதிகாரங்கள்

பேரவையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுவது தாய்மொழிக் கல்வி பற்றிய போராட்டம். 2008-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 2019-20 கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழியில் கல்வி கிடைக்கும் என்று உறுதியளித்தது. அதற்குத் தேவையான ஆசிரியர்கள் உருவாக்கப்படவில்லை. காலக்கெடுவைத் தளர்த்த 2017-இல் அரசு கொண்டுவந்த சட்ட வரைவை ஆராய்ந்த நிலைக்குழு, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர்களைக் கொண்ட ஆய்வுக் குழு, அதை மேற்கொண்டு எடுத்துச் செல்ல வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வரைவு அத்தோடு நின்றது. கட்சிப் பெரும்பான்மை உள்ள சட்டமன்றங்களில் ஒரு குழுவால் அரசின் முக்கிய வரைவை இப்படி நிறுத்திவிட முடிவது அரிது. ஆனால் 2020 நவம்பரில் வேறொரு வரைவு நிறைவேறி, காலக்கெடு 2039 வரை நீண்டது. இனுயிட் மக்களின் நில உரிமை அமைப்பான நுனாவுட் துங்காவிக், மறு ஆண்டே ஆட்சிப்பகுதி அரசின் மீது வழக்குத் தொடர்ந்தது. 1999-இல் பிறந்த குழந்தைக்குத் தரப்பட்டிருக்க வேண்டிய கல்வி, அந்தக் குழந்தை நாற்பது வயதை எட்டும்போதுதான் முழுமையடையும் என்றால், அதைத் தாமதம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது; ஒரு தலைமுறை கைவிடப்பட்டிருக்கிறது.

இதன் விளைவு பள்ளியோடு நிற்பதில்லை. அரசுப் பணியாளர்களில் இனுயிட் மக்களின் பங்கு, மக்கள் தொகையில் அவர்களுக்குள்ள பங்குக்கு நிகராக இருக்க வேண்டும் என்று 1993 உடன்பாட்டின் 23-ஆம் உறுப்பு கூறுகிறது. நடைமுறையில் அது பாதியளவிலேயே தங்கிவிட்டது. இனுயிட் மொழியிலும் ஆங்கிலத்திலும் வலுவான கல்வி இல்லாமல் அந்த இலக்கை எட்ட முடியாது என்று 2006-இல் நீதிபதி தாமஸ் பெர்கர் தம் அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டினார். அதற்கான நிதியை மத்திய அரசு தர வேண்டும் என்றும் கேட்டார். நுனாவுட் அரசின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒட்டாவாவிலிருந்து வருவதால், எந்த உறுப்பினர் எவ்வளவு திறமையாகக் கேள்வி கேட்டாலும், அமைச்சரின் விடை இறுதியில் மத்திய அரசின் நிதியில் போய் முட்டி நிற்கிறது. கனிம விவகாரத்திலும் அதே நிலைதான். பாஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தை விரிவுபடுத்தும் திட்டத்தை நுனாவுட் தாக்க மதிப்பீட்டு வாரியம் ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 2022 மே மாதத்தில் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நவம்பரில் அத்திட்டத்தை நிராகரித்து இறுதி முடிவெடுத்தவர் மத்திய அமைச்சர். அந்நிலத்து மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைக்கு இதில் தீர்ப்பு வழங்கும் இடமே இருக்கவில்லை.

பேரவையின் சொந்தக் குறைகளும் உண்டு. பொது வாக்காளர் தம் முதல்வரை நேரடியாகவோ கட்சி வழியாகவோ தேர்ந்தெடுக்க முடியாது. ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த பின் மற்றதை அந்த 22 பேர் முடிவுசெய்கின்றனர். துறைகளின் திட்டங்களை நிலைக்குழுக்கள் ஆராய்வதில் கணிசமான பகுதி மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடப்பதால், எந்த உறுப்பினர் எதற்காக வாதாடினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண், பெண் என இரு உறுப்பினர்கள் வேண்டும் என்று நுனாவுட் உருவாகும் முன்பே முன்வைக்கப்பட்ட யோசனை, 1997 மே மாத வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. உலகில் அதுவரை எங்கும் இல்லாத அத்தகைய பேரவை அமைந்திருந்தால் வீட்டுவசதி, குழந்தை நலம், குடும்ப வன்முறை ஆகியவை முதல் நாளிலிருந்தே அவையின் நடுவில் இருந்திருக்கும். அதற்கு மாறாக 1999-இல் தேர்வான 19 பேரில் பெண் ஒருவரே. 2008-இல் ஈவா ஆரியாக் முதல்வரானபோதும், அந்தப் பொதுத்தேர்தலில் வென்ற ஒரே பெண் அவர்தான்.

இக்குறைகளைக் காட்டிக் கட்சிமுறைக்கு மாறிவிட வேண்டும் என்று வாதிடுவோர் வடக்கிலும் உண்டு. ஆனால் பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்த ஒரு கட்சி எதிர்ப்போரை நான்கு ஆண்டுகள் ஒதுக்கிவைக்க முடிந்தால், 144 பேர் வாழும் கிரீஸ் ஃபியோர்ட் போன்ற ஊரின் நிலை என்னவாகும் என்பதை அவர்கள் விளக்க வேண்டும். மாற்றப்பட வேண்டியது கட்சியற்ற முறை அல்ல. குழுக்களின் கதவுகளைத் திறப்பதும், பெண்களுக்கு அவையில் உரிய இடத்தை உறுதிசெய்வதும், உறுப்பினர் எழுப்பும் கேள்விக்கு விடையளிக்கத்தக்க அதிகாரத்தைப் பேரவைக்கே வழங்குவதுமே உடனடித் தேவைகள்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரி 18 அன்று இக்கலுயிட்டில் மத்திய அரசும் நுனாவுட் அரசும் நுனாவுட் துங்காவிக் அமைப்பும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, இதுவரை ஒட்டாவா ஆண்டுவந்த பொது நிலங்கள், நீர், கனிமங்கள் ஆகியவற்றின் நிர்வாகம் 2027 ஏப்ரல் 1-க்குள் நுனாவுட் அரசின் கைக்கு மாற வேண்டும். யூகானுக்கு 2003-லும் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளுக்கு 2014-லும் கிடைத்த அதிகாரம் இது. மூன்றிலும் கடைசியாகப் பெறுவது நுனாவுட்.